கேட்காத ஐந்து கேள்விகள்

லெசியெலி டீச்சர் பிறந்ததிலிருந்து சொன்ன பொய்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அந்த ஐந்தையும் ஒரே நாளில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, கால் மணி நேரத்துக்குள் சொல்லித் தீர்த்துவிட்டாள்.

அது ஜூன் மாதம், அந்த நாட்டில் குளிர்காலம். ராபின்வேலில் திராட்சைக் கொடி வெட்டும் வேலை தொடங்கி இரண்டாவது வாரம். காலையில் கம்பிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பத்து மணிவரை விரல் மடங்காது. அவள் தம்பி கெலெப்பிக்கு ஒரு மாதமாகத் தினமும் காலையில் தலைவலி. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியும் கொதிப்பு இறங்கவில்லை. டாக்டரம்மா ஹானகன் வரச் சொல்லியிருந்தாள். கெலெப்பிக்குத் தோட்டத்து ஆங்கிலம் தெரியும். கத்தரி, கம்பி, வரிசை, சீக்கிரம் சீக்கிரம், அவ்வளவுதான். டாக்டரின் ஆங்கிலத்துக்கு ஆள் வேண்டும். டோங்காவில் இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த அக்காள் வீட்டிலேயே இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது? அவளே கூடப் போனாள்.

"தூங்கறப்ப சத்தமாக் குறட்டை விடறாரான்னு கேளுங்க" என்றாள் டாக்டர்.

லெசியெலி தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். டோங்காக்காரர்களிடம் அக்காள் தம்பி என்றால் அது தனி மரியாதை. விவரம் தெரிந்த வயதுக்குப் பிறகு இருவரும் ஒரு கூரையின் கீழ் படுப்பதில்லை. ஒருவர் படுக்கை, துணி, குளியல், வயிற்றுவலி எதையும் இன்னொருவர் வாயால் சொல்வதில்லை. யாராவது சொன்னால்கூட எழுந்து போய்விடுவார்கள். ஐம்பத்தோரு வயதில் தம்பியிடம் தம்பியின் தூக்கத்தைப் பற்றிக் கேட்பதா?

"தோட்டத்துல வேலை எப்படிப் போகுதுன்னு கேக்கறாங்க" என்றாள் தங்கள் பாஷையில்.

"நல்லாத்தான் போகுதுன்னு சொல்லுங்க அக்கா."

"இல்லையாம்" என்றாள் டாக்டரிடம்.

"தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதா? பக்கத்துல இருந்து யாராவது கவனிச்சிருக்காங்களா?"

"வேளாவேளைக்குச் சாப்பிடறீங்களான்னு கேக்கறாங்க."

கெலெப்பி நூற்று நாற்பது கிலோ. தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டான். "டாக்டரம்மாவுக்குக் கண்ணு தெரியாதோ?"

"இல்லையாம்" என்றாள் லெசியெலி.

இரவில் எத்தனை முறை எழுந்து ஒன்றுக்குப் போகிறார் என்பது மூன்றாவது கேள்வி. அது கோயில் பாட்டுக் குழுவைப் பற்றிய விசாரிப்பாக மாறியது. எட்டு மணி நேரம் படுத்தும் தூங்காதவர்போல எழுகிறாரா என்பது நான்காவது. அது பல்வலி உண்டா என்று ஆயிற்று. எல்லாவற்றுக்கும் டாக்டருக்குக் கிடைத்த பதில் இல்லை, இல்லை.

ஐந்தாவது கேள்வி, வண்டி ஓட்டும்போது கண் சொருகுகிறதா என்பது. அதில் படுக்கையும் இல்லை, கழிப்பறையும் இல்லை. அதை அவள் தாராளமாகக் கேட்டிருக்கலாம். ஆனால் நாலு தரம் இல்லை என்று சொல்லிப் பழகிய வாய், தம்பி பக்கம் திரும்பக்கூட இல்லாமல் ஐந்தாவதற்கும் அதையே சொல்லிவிட்டது. டாக்டர் காகிதத்தில் ஐந்து கட்டங்களில் கோடு போட்டுவிட்டு, நாலாவது மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தாள்.

பின்னாளில் டீச்சரை அரித்தது அந்த ஐந்தாவதுதான்.

பதில் தெரியாமல் அவள் சொல்லவில்லை. அதுதான் விஷயம். தம்பி மனைவி லூப்பே புற்றுநோயில் இறந்த பிறகு, குழந்தை சியாலேயைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருஷம் முன்பு வந்தவள் அவள். அன்றே கெலெப்பி தன் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு பின்புறத் தகரக் கொட்டகைக்குப் போய்விட்டான். யாரும் போகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. இந்த வருஷம் மே மாதமே பனி கடுமையாகி அவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டதால், லூப்பேயின் அண்ணி வீக்காவும் மற்றவர்களும் சத்தம் போட்டு அவனை முன்னறைக்குக் கொண்டுவந்தார்கள். முன்னறைக்கும் டீச்சர் அறைக்கும் நடுவில் இருந்தது ஒரு அட்டைச் சுவர்.

குறட்டையை அவள் பொருட்படுத்தவில்லை. அவர்கள் அப்பாவும் விட்டவர்தான். இது வேறு. சத்தம் வந்துகொண்டே இருக்கும், திடீரென்று நின்றுபோகும். ஒன்றுமே கேட்காது. அவள் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு கிடப்பாள். பிறகு, பவளப்பாறைக்குக் கீழே முங்கினவன் மேலே வந்து காற்றை இழுப்பதுபோல ஒரு இழுப்பு. மறுபடி குறட்டை. மறுபடி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் இன்னும் மோசம். கோயில் முடிந்து, சேம்பு இலையில் இறைச்சியைப் பொதிந்து மண் அடுப்பில் வேகவைத்த லூவையும் மரவள்ளியையும் ஒரு பிடி பிடித்துவிட்டு ஊரே படுத்துவிடும். வெளியே கார் சத்தம்கூட இருக்காது. அப்போது அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். தம்பி தூங்குவதைக் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை காலை, ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு போன வேன், வளைவே இல்லாத சாலையில் இடதுபக்கம் இறங்கி, இருபது கொடிகளைச் சாய்த்துக்கொண்டு போய் வரிசைமுனைக் கம்பத்தில் மோதி நின்றது. ஓட்டியவன் கெலெப்பி. அவனுக்கு உதடு மட்டும் கிழிந்திருந்தது. பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு. முன் இருக்கையில் இருந்த ஃபெலெட்டிக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஃபெலெட்டி செத்துப்போன லூப்பேயின் அண்ணன், கெலெப்பிக்கு மச்சான்.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளி இரவு கோயில் கூடத்தில் ஆண்கள் கூடி, மயக்கம் தரும் வேர்ச்சாறான கவாவைக் குடிப்பது வழக்கம். அதற்கு மேல் காரணம் தேட யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. போலீஸ்காரன் ஊதச் சொன்னதில் ஒன்றும் தெரியவில்லைதான். கவா எந்த மெஷினில் தெரிந்தது? பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் கவாவைத் திட்டினார்கள். அவர்களுக்குப் பல வருஷக் கடுப்பு. போதகர் சைமோனே ஒரு மாதத்துக்குக் கவா கூடாது என்று பிரசங்க மேடையிலேயே சொன்னார்.

"நான் ரெண்டு சிரட்டைதான் குடிச்சேன். ஒம்பது மணிக்கு எழுந்து வந்துட்டேன்" என்று கெலெப்பி போதகரிடம் சொன்னதை டீச்சர் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "ஆனா குடிச்சேன் இல்லையா" என்றான்.

அவனும் நம்பிவிட்டான். அப்போதாவது அவள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. கவா வந்து பழியைத் தூக்கிக்கொண்டது அவளுக்கு ஒரு நொடி ஆறுதலாகக்கூட இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

திங்கட்கிழமை அவள் ஃபெலெட்டியின் ரப்பர் பூட்ஸை வாங்கி மாட்டிக்கொண்டு, அவன் இடத்தில் கொடி வெட்டப் போனாள். "வீட்டுல சும்மாத்தானே இருக்கேன்" என்றாள். முதுகில் பேட்டரிப் பை, கையில் அதில் ஓடும் கத்தரி. போன வருஷத்துக் கொம்புகளை வெட்டி, கம்பியில் சிக்கியதை இழுத்துப் போட்டு, நல்லதாக எட்டுக் கொம்பை விட்டு, வளைத்துக் கட்ட வேண்டும். இழுக்கும்போது கொம்பு சாட்டை மாதிரி முகத்தில் அடிக்கும். சுண்ணாம்புக் கட்டி பிடித்த விரல்களில் மூன்றே நாளில் வெடிப்பு. பக்கத்து வரிசையில் வீக்கா, ஃபெலெட்டியின் மனைவி, இரண்டு கொடி முடிப்பதற்குள் இவள் ஒன்று முடித்தாள்.

"டீச்சர், அது கொடி, பிள்ளைங்க நோட்டு இல்ல. ஒவ்வொண்ணையும் திருத்திக்கிட்டு நிக்காதீங்க" என்றாள் வீக்கா.

"உன் புருஷன் எப்படி இருக்கான்?"

"ராஜா மாதிரி இருக்கார். கால நீட்டிக்கிட்டு, அதைக் கொண்டா இதைக் கொண்டான்னு. கம்பி வச்சிருக்காங்க. மடங்குமா மடங்காதான்னு டாக்டருக்கே தெரியல." வீக்கா ஒரு கொம்பை இழுத்துப் போட்டாள். "எனக்கு உங்க தம்பிமேல கோவம் இல்ல. அந்தக் கவாமேலதான். விட்டுட்டா நல்ல மனுஷன்."

டீச்சர் தலையைத் திருப்பிக்கொண்டாள். கண்ணீரைக் கொடி பார்த்ததோடு சரி.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கும் நாள் வைத்தார்கள். கெலெப்பி சுட்ட பன்றி ஒன்றும், லூப்பேயின் கல்யாணத்துக்கு வந்த நல்ல பாயும் எடுத்துக்கொண்டு ஃபெலெட்டி வீட்டுக்குப் போனான். மரியாதைக்காக இடுப்பில் சுற்றும் பாயைக் கட்டிக்கொண்டு வாசல் ஓரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்தான். அவ்வளவு பெரிய உடம்பு அப்படிக் குறுகி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை.

"என் குடியால மச்சானோட கால் போச்சு. இனிமே சிரட்டையத் தொடமாட்டேன்" என்றான்.

ஃபெலெட்டி சாய்வு நாற்காலியில் கட்டுப்போட்ட காலை நீட்டியிருந்தான். "எழுந்து வா மச்சான். பன்னி ஆறிப்போகுது" என்றான். எல்லாரும் அழுதார்கள், பிறகு எல்லாரும் சாப்பிட்டார்கள். சாப்பாட்டுக்கு நடுவில் போதகர், தோட்ட முதலாளி ரோக்கோ சொல்லி அனுப்பிய நல்ல செய்தியைச் சொன்னார். ஓட்ட நிலையாக வேறு ஆள் கிடைக்காமல் வேலை தேங்குகிறது. கெலெப்பி கவாவை விட்டுவிட்டதாகப் போதகர் உறுதி கொடுத்ததால், புது வேனின் சாவி நாளைக் காலை கெலெப்பியிடம். எல்லாரும் கை தட்டினார்கள்.

டீச்சர் கையில் தட்டோடு சமையலறைக் கதவில் நின்றாள். நாளைக்கு அந்த வேனில் ஒன்பது பேர். வீக்கா உண்டு. அவளும் உண்டு. கவா இல்லாமல், பிரார்த்தனை செய்துவிட்டு, சுத்தமான மனசோடு அவன் மறுபடி வண்டி ஓட்டிக்கொண்டே தூங்கப்போகிறான். இது இந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அரை மணியில் வீடு அடங்கியது. பாயில் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்தார்கள். கெலெப்பி சுவரோடு மல்லாந்த கையோடு தூங்கிவிட்டான். குறட்டை ஆரம்பித்தது.

"டிராக்டர் கிளம்பிடுச்சு" என்றான் ஃபெலெட்டி. விழித்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

தம்பி தூங்கும் இடத்தில் அக்காள் நிற்கக்கூடாது. வீக்கா அவள் முழங்கையைப் பிடித்து, "வாங்க டீச்சர், நாம பின்னால போவோம்" என்றாள். குறட்டை நின்றது. "பாருங்க, உங்களுக்குப் பயந்து டிராக்டரே நின்னுடுச்சு" என்றான் ஃபெலெட்டி. மறுபடி சிரிப்பு.

"சிரிக்காதீங்க" என்றாள் லெசியெலி. வகுப்பறைக் குரல். சிரிப்பு அறுந்தது. அவள் பாயை மிதித்து நடந்து தம்பியின் தலைமாட்டில் போய் நின்றாள். வீக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

சுவரில் கடிகாரம் இருந்தது. லெசியெலி அதைப் பார்த்துக்கொண்டே, போன நொடிகளையும் சேர்த்துச் சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். "பத்து. பதினொண்ணு. பன்னெண்டு." கெலெப்பியின் நெஞ்சு துடிக்கிறது, வயிறு ஏறுகிறது, மூக்கிலும் வாயிலும் ஒன்றும் இல்லை. "இருபத்தஞ்சு." உதடு சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது. ஃபெலெட்டி நாற்காலியில் நிமிர்ந்தான். "முப்பத்தெட்டு. முப்பத்தொம்பது." நாற்பத்தொன்றில் அந்த இழுப்பு வந்தது. அறையில் எல்லாருமே மூச்சு விட்டார்கள்.

"இது கவா இல்ல" என்றாள் லெசியெலி. "இது தெனமும் நடக்குது. மே மாசத்துலேர்ந்து சுவத்துக்கு அந்தப் பக்கம் நான் கேட்டுக்கிட்டிருக்கேன். டாக்டரம்மா இதையேதான் கேட்டாங்க. அஞ்சு கேள்வி கேட்டாங்க. நான் தம்பிகிட்ட ஒண்ணைக்கூடக் கேக்காம, இல்லை இல்லைன்னு எழுத வச்சேன். ஃபெலெட்டி, உன் கால ஒடைச்சது என் தம்பி இல்ல. நான்தான்."

கெலெப்பி கண்ணைத் திறந்தான். தலைமாட்டில் அக்காள் நிற்பதைப் பார்த்தான். முகம் கருத்து, எழுந்து, ஒருவரையும் பார்க்காமல் செருப்புகூடப் போடாமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டான்.

வீக்கா அப்படியே பாயில் உட்கார்ந்தாள். "லூப்பே சொன்னாளே" என்றாள். "உயிரோட இருந்தப்ப சொன்னா. ராத்திரி பூரா அவர் நெஞ்சுமேல கை வச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன், நின்னா முழங்கையால இடிப்பேன்னு. நான் கேலி பண்ணினேன். அவ போனப்புறம் யார் இடிக்கறாங்கன்னு நான் ஒருநாளும் நெனைக்கலையே டீச்சர்."

ஃபெலெட்டி தன் காலைப் பார்த்தான். பிறகு, "நாளைக்கு வேனை வேற யாராவது எடுங்க" என்றான். லெசியெலியிடம் அவன் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்க அவளிடம் பன்றியும் இல்லை, பாயும் இல்லை.

வியாழக்கிழமை டாக்டரிடம் மொழிபெயர்க்க வீக்கா போனாள். அவள் ஆங்கிலம் நொண்டும்; ஆனால் அவள் கெலெப்பியிடம் எதையும் கேட்கலாம். ஐந்து கேள்விக்கும் கெலெப்பி ஆமாம் என்றான். பிறகு டாக்டர் வெளியே பெஞ்சியிலிருந்த லெசியெலியை, "பார்த்தவங்க நீங்கதானே, வாங்க" என்று உள்ளே கூப்பிட்டாள். கெலெப்பி நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். டீச்சர் நாற்பத்தொரு நொடியையும், உதட்டு நிறத்தையும், அந்த இழுப்பையும் சொன்னாள். சத்தம் எப்படி இருக்கும் என்று டாக்டர் கேட்டபோது செய்தே காட்டினாள். அவன் முதுகு அசையவில்லை.

"மொதல் தடவையே ஃபோன்ல மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டிருக்கணும். வீட்டு ஆளை வச்சுக் கேட்டது என் தப்பு" என்றாள் டாக்டர்.

நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் தப்பைப் பங்குபோட்டால் குறைந்துவிடுமா? லெசியெலிக்குக் குறையவில்லை.

விரலிலும் மூக்கிலும் நெஞ்சிலும் மாட்டிக்கொண்டு தூங்குவதற்கு ஒரு சின்னக் கருவி கொடுத்தார்கள். அடுத்த வாரம் கணக்கு வந்தது. மணிக்கு ஐம்பத்துநாலு தரம் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிறது. நீளமானது எழுபத்திரண்டு நொடி. இரத்தக் கொதிப்பும் தலைவலியும் இதனால்தான் என்றாள் டாக்டர். நாலு மாத்திரையும் இதைத் தொடவில்லை. மூக்கில் மாட்டிக் காற்றைத் தள்ளும் மெஷின் ஒன்று வந்தது. அதோடு தூங்கிப் பழகி, மறுபடி சோதித்துப் பார்த்துச் சரியென்று டாக்டர் எழுதித் தரும்வரை எந்த வண்டியையும் தொடக்கூடாது.

மெஷினை எடுத்துக்கொண்டு கெலெப்பி நேராகத் தகரக் கொட்டகைக்குப் போனான். பனியோ இருமலோ, ஒருவர் பேச்சையும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அக்காளும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. சோறு சியாலே கையில் போயிற்று, தட்டு சியாலே கையில் வந்தது. டீச்சர் கொடி வெட்டப் போனாள், வந்தாள். சொன்னதற்காக அவள் வருந்தவில்லை. அவனைப் பத்துப் பேர் நடுவில் உரித்துக் காட்டியதற்காக வருந்தினாள். முன்பே டாக்டர் அறைக்குள் சொல்லியிருந்தால் அதற்கு அவசியமே இருந்திருக்காது. எப்படிச் சுற்றினாலும் அந்த நாற்காலியிலேயே வந்து நின்றாள்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. கோயிலுக்கு ஃபெலெட்டி ஊன்றுகோலோடு வந்திருந்தான். முழங்கால் பாதிதான் மடங்குகிறது. பெஞ்சியில் காலை வெளியே நீட்டியே உட்கார்ந்தான். இனிமேல் இப்படித்தான் என்று சொல்லிவிட்டார்களாம். பிரசங்கத்தின் நடுவில் டீச்சர் தற்செயலாகத் தம்பி பக்கம் பார்த்தாள். எத்தனையோ வருஷத்தில் முதல்முறையாகக் கெலெப்பி பிரசங்கம் முழுக்க விழித்துக்கொண்டிருந்தான். போதகருக்கே ஆச்சரியமாகி ஒரு வசனத்தை இரண்டு தரம் படித்தார்.

மதியம் சாப்பாடு முடிந்தது. தெரு அடங்கியது. டீச்சர் வழக்கம்போலச் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். முன்னறையில் ஏதோ இழுபடும் சத்தம். சியாலே கதவில் வந்து நின்றாள்.

"அத்தை, அப்பா மெத்தைய முன்னறைக்குக் கொண்டு வந்துட்டார்."

டீச்சர் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார். அன்னைக்கு டாக்டர் தூக்கத்தப் பத்தித்தான் கேட்டாங்கன்னு அவருக்குப் புரிஞ்சுதாம். அந்த வார்த்தை தெரியுமாம். நீங்க வேலையப் பத்தி, சோத்தப் பத்திக் கேட்டப்போ, நல்லவேளை அக்கா கேக்கலைன்னு நெனைச்சாராம். அதனால அந்தத் தப்புல பாதி அவரோடதாம்."

லெசியெலியின் கை நின்றது.

"அப்புறம், கொட்டகையில கரண்ட் போய்ப்போய் வருதாம். மெஷின் நின்னா யாருக்கும் தெரியாதாம். முன்னறைக் கதவ சாத்தலையாம். அத்தையக் கேட்டுக்கிட்டிருக்கச் சொன்னார்."

"கேட்டுக்கிட்டிருக்கவா?"

"அவர் மூச்ச."

சியாலே போய்ப் படுத்துக்கொண்டாள். லெசியெலி குழாயை மூடினாள். ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு நடைக்குப் போய், திறந்திருந்த கதவுக்குப் பக்கத்தில், அறைக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்தாள். வெடித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள்.